இந்த விடை எப்படி வந்தது?

ஓசூரில் ஒரு சிறிய பட்டறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். கையில், துணியில் சுற்றிய விரல் நீள இரும்புத் தண்டு ஒன்று. “ரிஜெக்ட் ஆன பீஸ் சார். ஓனர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். உங்ககிட்ட காட்டணும்னு தோணிச்சு” என்றாள்.

நடந்தது இது. இரவு ஷிப்டில் சி.என்.சி. லேத்தில் தண்டு கடையும் வேலை. வரைபடத்தில் விட்டம் 25 மில்லிமீட்டர். அதற்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் 0.021 வரை குறையலாம். 24.979க்கும் 25.000க்கும் இடையில் எங்கே நின்றாலும் சரி. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தபோது 25.012 காட்டியது. அதை இடைவெளியின் நடுப்பகுதிக்குக் கொண்டுவர 0.022, அதாவது 22 மைக்ரான் குறைக்க வேண்டும். தண்டு சுழல்வதால் டூல் 11 மைக்ரான் உள்ளே போனாலே விட்டத்தில் 22 குறைந்துவிடும் என்று அவள் யோசித்தாள். யோசனையில் பிழை இல்லை. ஆஃப்செட்டில் மைனஸ் 0.011 போட்டாள். அடுத்த பீஸ் 25.001 வந்தது. ஒரே ஒரு மைக்ரான் அதிகம். தலைமுடித் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் ரிஜெக்ட்.

சூப்பர்வைசர் வந்து, “இன்னொரு பதினொண்ணு போடு” என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “கேள்வி கேட்காதே, போடு” என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டாள், பீஸ் சரியாக வந்தது. ஆனால், அவள் அதோடு விடவில்லை. “இருபத்திரண்டு குறையணும்னு நினைச்சேன். பதினொண்ணுதான் குறைஞ்சிருக்கு. பன்னெண்டு, பதிமூணுன்னு வந்திருந்தா மெஷின்ல ஏதோ கோளாறுன்னு விட்டிருப்பேன் சார். சரியா பாதி வந்திருக்கு. அப்போ எங்கேயோ ஒரு ரெண்டு ஒளிஞ்சிருக்கு.” கண்டுபிடித்துவிட்டாள். அந்த மெஷின் விட்டக் கணக்கில் இயங்குவது. நாம் விட்டத்தில் எவ்வளவு குறைய வேண்டும் என்று சொன்னால், டூலை அதில் பாதி தூரம் நகர்த்தும் வேலையை அதுவே செய்துகொள்ளும். இவளும் பாதியாக்கினாள், மெஷினும் பாதியாக்கியது.

பத்தாம் வகுப்பில் அவள் கணக்கில் வாங்கிய மதிப்பெண் 41. “உனக்குக் கணக்கு வராதும்மா, பதினொண்ணாம் வகுப்புல கணக்கு இல்லாத குரூப்பா பார்த்து எடுத்துக்கோ” என்று அன்றைக்கு அவளுக்குச் சொன்னவன் நான்.

அந்தத் தண்டு இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. ‘சரியாகப் பாதி வந்திருக்கிறது, அப்படியானால் ஓர் இரண்டு ஒளிந்திருக்கிறது’ என்பதுதான் கணிதம். அந்தச் சிந்தனை அவளிடம் பள்ளியிலேயே இருந்திருக்க வேண்டும். நான் வைத்த எந்தத் தேர்விலும் அது வெளியே வரவில்லை. எல்லாருக்குமான பொதுக்கல்வியில் கணிதம் எதற்காக இருக்கிறது என்ற கேள்வியை, முப்பது ஆண்டு பாடம் நடத்திய பிறகு, இந்தத் தண்டு எனக்குத் திரும்பவும் போட்டுவிட்டது.

தொழில்நகரம் கேட்கும் கணக்கு

ஓசூரைத் தொழில்நகரம் ஆக்கியது தமிழ்நாடு அரசின் சிப்காட். 1971இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், பெங்களூருக்கு அருகில், அன்றைய தருமபுரி மாவட்டத்தின் வறண்ட மூலையில் நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை அமைத்தது. 1980 வாக்கில் டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் இங்கிருந்து வரத் தொடங்கின. 1984இல் மற்றோர் அரசு நிறுவனமான டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, ஓசூரில் கைக்கடிகாரம் செய்தன. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. இன்றைக்குப் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கைபேசி உதிரிபாகம் என்று அலை அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டது. இந்தப் புதிய ஆலைகளில் பெரும்பாலும் இளம்பெண்களே வேலை செய்கிறார்கள். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கும் அவர்களில் பலர் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நம் அரசுப் பள்ளி பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள்.

இந்த ஊரில் கணிதக் கல்வி பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வகையான வாதங்கள் வரும். தொழில்துறைக்கு ஆள் வேண்டும், அதனால் தொழிலுக்கு உதவும் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள் என்பது முதல் வாதம். எல்லாவற்றையும் இப்போது மெஷினே பார்த்துக்கொள்கிறது, பொறியாளர் ஆகப்போகிறவருக்குத் தவிர மற்றவர்களுக்கு இயற்கணிதம் எதற்கு என்பது இரண்டாவது. எதிரெதிராகத் தெரியும் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன: பெரும்பான்மைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கணக்கு போதும்.

என் மாணவியின் தண்டை வைத்துக்கொண்டு இந்த வாதங்களைப் பாருங்கள். கூட்டல், கழித்தல், பாதியாக்குதல் எல்லாவற்றையும் அந்த மெஷின் அவளைவிட வேகமாகச் செய்தது. அதற்குத் தெரியாமல் போனது ஒன்றுதான்: வந்த விடை ஏன் தவறு என்பது. எண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட்டதும், காரணம் தேடியதும், தேடிய காரணத்தைச் சோதித்ததும் அவள். கணக்குப் போடும் வேலையை மெஷின் எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள, மனிதரிடம் மிஞ்சுவது இந்தச் சந்தேகமும் தேடலும்தான். ஆகவே, மெஷின் பெருகும் ஊரில் கணிதம் குறையலாம் என்பது தலைகீழ் வாதம். அங்கேதான் அது கூடுதலாக வேண்டும். அதுவும், எல்லாருக்கும் வேண்டும்.

இரண்டு வகைக் கணக்கு

இதை நாடு ஒருகாலத்தில் தெளிவாகவே சொன்னது. கோத்தாரி குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1968 தேசியக் கல்விக் கொள்கை, அறிவியலும் கணிதமும் பள்ளிப் படிப்பு முடியும்வரை பொதுக்கல்வியின் பிரிக்க முடியாத பகுதியாக இருக்க வேண்டும் என்றது. 1986 கொள்கை, சிந்திக்கவும் பகுத்தாராயவும் காரணம் காட்டிப் பேசவும் பிள்ளையைப் பழக்கும் ஊர்தியாகக் கணிதத்தைப் பார்த்தது. 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக, சென்னை கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியர் இரா.இராமானுஜம் தலைமையில் அமைந்த குழு இன்னும் ஒருபடி மேலே போனது. பிள்ளையின் சிந்தனையே கணிதமயமாக வேண்டும் என்பதை முதன்மை இலக்காக வைத்தது. நம் பாடத்திட்டம் திறமையுள்ள சிறுபான்மையையும் ஏமாற்றுகிறது, பங்கேற்க முடியாமல் ஒதுங்கிநிற்கும் பெரும்பான்மையையும் ஏமாற்றுகிறது என்று அந்தக் குழு எழுதியது. இருபது ஆண்டு கழித்தும் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் அந்த வரியை மறுத்துப் பேச ஒருவர் இல்லை.

காகிதத்தில் இப்படி. நடைமுறையில் நாம் எப்போதும் இரண்டு வகைக் கணக்கையே வைத்திருந்தோம். பழைய பதினோராண்டு எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில் ‘பொதுக் கணக்கு’, ‘காம்போசிட் கணக்கு’ என்று இரண்டு பாதைகள் இருந்தன. கல்லூரியில் அறிவியல் படிக்க நினைத்தவர்களுக்குக் காம்போசிட், மற்றவர்களுக்குப் பொது. எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பாதையில் போனது என்பதை அந்தக் காலத்து மனிதர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1978இல் பிளஸ் டூ வந்தபோது அந்தப் பிரிப்பு பதினொன்றாம் வகுப்பு வாசலுக்கு இடம்மாறியது. சி.பி.எஸ்.இ. 2019-20 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பில் ‘பேசிக்’, ‘ஸ்டாண்டர்டு’ என இரண்டு கணிதத் தேர்வுகளை வைத்துப் பழைய பிரிப்புக்குப் புதுப் பெயர் சூட்டியது.

நம் பள்ளிகளில் இந்தப் பிரிப்பு எந்த அரசாணையும் இல்லாமல் நடக்கிறது. பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளின் கடைசிப் பகுதியில் எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு. ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். ‘மெல்லக் கற்போர்’ என்று நாங்கள் பெயர் வைத்த பிள்ளைகளுக்கு டிசம்பருக்குப் பிறகு இந்த இரண்டைத்தான் திரும்பத் திரும்பப் போட வைப்போம். அதில் 16 வந்துவிடும். ஒரு மதிப்பெண் கேள்விகளில் பாதி, இரண்டு மதிப்பெண்ணில் ஆறு என்று தேற்றினால் 35ஐத் தொட்டுவிடலாம். பையன் இருபடிச் சமன்பாட்டின் வளைவரையை அச்சுப்போல வரைவான். “இந்தக் கோடு எக்ஸ் அச்சை வெட்டுகிற இடத்துக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால் திருதிருவென விழிப்பான். அவன் தேர்ச்சி பெறுகிறான். பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு உயர்கிறது. தலைமையாசிரியருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வருகிறது. அந்தப் பையனுக்குக் கிடைத்தது, கணக்கு என்பது புரியாமலே செய்யும் ஒரு காரியம் என்ற பாடம். பட்டறையில் ‘கேள்வி கேட்காதே, போடு’ என்று சொல்லும் சூப்பர்வைசர் எங்கிருந்தோ வந்து குதித்துவிடவில்லை. நாங்கள் நடத்திய வகுப்பிலிருந்துதான் வந்தார்.

தொரப்பள்ளி மண்ணின் பழைய கேள்வி

ஓசூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது தொரப்பள்ளி. ராஜாஜி 1878இல் பிறந்த ஊர். அவர் முதல்வராக இருந்தபோது 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தமிழ்நாடு மறக்கவில்லை. கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒரு வேளை, மூன்று மணி நேரம் மட்டும். மீதி நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். ‘குலக்கல்வி’ என்று பெயர் பெற்று, பெரியார் தொடங்கிப் பலரும் எதிர்த்த அந்தத் திட்டம், 1954இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. பள்ளிகளில் இடமும் ஆசிரியரும் போதவில்லை, இருப்பதைக் கொண்டு அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது திட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்ன காரணம். தமிழ்ச் சமூகம் அதை ஏற்கவில்லை. ஒரு பிள்ளை என்ன தொழிலுக்குப் போகும் என்பதை வைத்து அது எவ்வளவு படிக்கலாம் என்று முடிவு செய்யக் கூடாது என்பதே அன்று இந்த மாநிலம் எடுத்த நிலை.

அந்த நிலையில் நாம் இன்றும் உறுதியாக நிற்கிறோம் என்றால், ‘ஆபரேட்டர் வேலைக்குப் போகப்போகிற பிள்ளைக்கு இவ்வளவு கணக்கு எதற்கு?’ என்ற பேச்சையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். அப்போது சாதியைப் பார்த்துத் தொழிலைச் சொன்னார்கள். இப்போது மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்கிறோம். பதினைந்து வயதில் ஒரு பிள்ளை வாங்கும் 41, வீட்டில் படிக்க ஓர் இடம் இருந்ததா, ஆறாம் வகுப்பில் கணக்குக்கு ஆசிரியர் இருந்தாரா, தக்காளி பறிக்கும் பருவத்தில் எத்தனை நாள் லீவு போட்டது என்பதையெல்லாம் சேர்த்துச் சொல்லும் எண். அதைப் பிள்ளையின் மூளையை அளந்த எண்ணாக எடுத்துக்கொண்டு கதவை மூடுகிறோம்.

வட்டியும் சம்பளச் சீட்டும்

கணிதம் பொதுச்சொத்தாக வேண்டும் என்பதற்குப் பட்டறைக்கு வெளியேயும் காரணங்கள் இருக்கின்றன. இந்தப் பக்கத்து ஊர்களில் ‘ஒரு வட்டி’, ‘ரெண்டு வட்டி’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். இந்தக் கணக்கில் ஓர் ஒழுங்கு உண்டு. அசலில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வட்டியும் பாதியாகும்.

இப்போது மகளிர் குழுக்களிடம் தவணைக் கடன்கள் வேறு மொழியில் வருகின்றன. ஒரு கணக்குப் பார்க்கலாம். 50,000 ரூபாய் கடன், 24 மாதத் தவணை, ஆண்டுக்கு 12 சதவீதம் ‘ஃபிளாட்’ வட்டி. பழகிய காதுக்கு இது ஒரு வட்டிதான். மாதம் அசலுக்கு 2,083, வட்டிக்கு 500, மொத்தம் 2,583 ரூபாய். முதல் மாதம் 50,000 ரூபாய்க்கு 500 ரூபாய் வட்டி என்பது சரி. கடைசி மாதம் கையில் நிற்கும் கடன் வெறும் 2,083 ரூபாய். அதற்கும் அதே 500 ரூபாய்! திருப்பிக் கட்டிவிட்ட பணத்துக்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். குறையும் அசலை வைத்துக் கணக்கிட்டால் இந்தக் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். ஒரு வட்டி என்று வாங்கிய கடன் ஏறக்குறைய ரெண்டு வட்டிக் கடன். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. ‘கடைசி மாதம் எதற்கு 500?’ என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

சம்பளச் சீட்டும் அப்படித்தான். 26 நாளுக்கு 15,600 ரூபாய் வாங்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 600, எட்டு மணி நேர வேலையில் மணிக்கு 75. மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இந்த நாட்டின் விதி. அப்படியானால் 20 மணி நேர ஓ.டி.க்கு அவர் கைக்கு 3,000 ரூபாய் வர வேண்டும். 1,500 வந்திருந்தால் எங்கோ ஓர் இரண்டு தொலைந்திருக்கிறது. என் மாணவி லேத்தில் தேடிய அதே இரண்டு.

கணக்கு சிலர் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் கீழ்வாயிலக்கமும் மனப்பாடம். முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை பின்னங்களை வாய்ப்பாடாகச் சொன்ன மரபு அது. அந்தக் கணக்கு ஊர்ப் பொதுவில் இல்லை. நிலத்தை அளந்து தீர்வையை எழுதுகிற சிலர் கையில் இருந்தது. ஊர்க் கணக்கரான கர்ணம் எழுதியதைச் சரிபார்க்க ஊரில் மற்றவர்களால் முடியாது. 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சி பரம்பரைக் கர்ணம் முறையை ஒழித்தது. பதவி போய்விட்டது. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் சரிபார்க்க முடியாத நிலை போக வேண்டுமானால், அது பள்ளிக்கூடத்தில்தான் முடியும்.

எல்லையில் எண்கள்

இந்த எல்லைப் பகுதிக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு வளமும் அதிலேயே இருக்கிறது. தளி, பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பள்ளிகளில் ஒரே பெஞ்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓசூர் சிப்காட் பக்கத்துப் பள்ளிகளில் பிஹார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் உண்டு. எண் எல்லா மொழிக்கும் பொதுதானே, இதில் என்ன சிக்கல் என்று தோன்றலாம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரியும்.

‘தொள்ளாயிரத்து ஐந்து’ என்று சொல்லி எழுதச் சொன்னபோது, கன்னடம் பேசும் வீட்டுப் பெண் ஒருத்தி 9005 என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அவள் வீட்டில் அது ஒம்பைநூறு. ஒன்பதும் நூறும் வெளிப்படையாகத் தெரியும் சொல். நம் ‘தொள்ளாயிர’த்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது, ‘தொண்ணூறு’க்குள் நூறு ஒலிக்கிறது. காதில் விழுந்ததை அந்தப் பிள்ளை நேர்மையாக எழுதியது. இந்தி பேசும் பிள்ளைக்கு வேறு சங்கடம். இந்தியில் 29, 39, 59 எல்லாம் அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்ற பொருளில் அமைந்த சொற்கள். நமக்கு ஐம்பத்தொன்பது, அவர்களுக்கு ‘அறுபதுக்கு ஒன்று குறைவு’. இங்கே வந்த பிள்ளை ஐம்பதில் தொடங்குவதா, அறுபதில் தொடங்குவதா என்று ஒரு கணம் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தை ‘இதுக்கு எண்ணே தெரியல’ என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம்.

இதே வகுப்பில் ஒரு நல்ல ஆசிரியர் வேறு மாதிரி நடத்தலாம். ‘தொள்ளாயிரத்துக்கு உங்கள் வீட்டில் என்ன பேர்?’ என்று கேட்டு, நான்கு மொழிப் பெயர்களையும் கரும்பலகையில் எழுதினால், இடமதிப்பு என்ற கடினமான கருத்து அங்கேயே கண்முன் நிற்கும். பெயர்கள் மாறுகின்றன, 900 மாறவில்லை. அதை நான்கு மொழிகளில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு சென்னைப் பள்ளியைவிட ஓசூர்ப் பள்ளிக்கு அதிகம்.

என்ன மாற வேண்டும்?

தமிழ்நாடு ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. பெருந்தொற்றுக்குப் பிறகு 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’, 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்று அடித்தளத்தைச் சரிசெய்யும் முயற்சிகள் நடந்தன. அவை தேவை. நாடு முழுவதிலுமிருந்து எடுத்த 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுள்ளோரிடம் நடத்தப்பட்ட 2023 ‘அசர்’ கல்வி நிலை ஆய்வில், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 43 சதவீதம்தான் என்று தெரியவந்தது. வகுத்தலைச் சொல்லிக்கொடுப்பதோடு நின்றால், இன்னும் நன்றாகக் ‘கேள்வி கேட்காமல் போடும்’ தலைமுறையைத்தான் உருவாக்குவோம். அடுத்த படிக்கு நான் வலியுறுத்துவது சில.

முதலாவது, பத்தாம் வகுப்புக் கணிதத்தை எந்தப் பெயரிலும் இரண்டாகப் பிரிக்கக் கூடாது. மேல்நிலையில் கணிதப் பிரிவில் சேராத ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கணிதத் தாள் இருக்க வேண்டும். வட்டி, வரி, தரவு, நிகழ்தகவு, அளவீடு ஆகியவற்றை வைத்துக் காரணம் காட்டப் பழக்கும் தாளாக அது இருக்கட்டும். வரலாறு படிப்பவருக்கும் தொழிற்கல்விப் பிரிவில் இருப்பவருக்கும் மொழிப்பாடம் கட்டாயம் என்கிறோம்; கணிதமும் அந்த வரிசையில் வர வேண்டும்.

இரண்டாவது, வினாத்தாள் மாறினால்தான் வகுப்பு மாறும். தவறாகப் போட்ட கணக்கு ஒன்றைக் கொடுத்து, எங்கே தவறு, ஏன் தவறு என்று எழுதச் சொல்லும் கேள்வி ஒவ்வொரு தேர்விலும் இடம்பெற வேண்டும். கணக்கைப் போடுவதற்கு முன்பே விடை தோராயமாக எவ்வளவு வரும் என்று சொல்லச் சொல்ல வேண்டும். அப்போது என் மாணவி போன்றவர்கள் 41இல் நிற்க மாட்டார்கள். நூற்றுக்கு நூறு வாங்கும் சிலர் தடுமாறவும் செய்வார்கள். அதுவும் நல்லதே.

மூன்றாவது, அளத்தல். வெர்னியர் அளவியும் திருகு அளவியும் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கின்றன. பல பிள்ளைகள் அவற்றைப் படத்தில் மட்டும் பார்க்கிறார்கள். கணிதப் பாடமோ அவற்றைத் தொடுவதே இல்லை. பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் பட்டறைகள் ஆயிரக்கணக்கான அளவிகளோடு இயங்குகின்றன. சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடித்துப் பெயர் எழுதும் நிறுவனங்கள், ஒவ்வொரு வகுப்புக்கும் பத்து அளவிகள் வாங்கிக் கொடுக்கட்டும். ஆண்டுக்கு மூன்று நாள் கணித ஆசிரியர்களைத் தங்கள் தரக்கட்டுப்பாட்டு அறைக்குள் உட்கார வைக்கட்டும். பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை அவர்களுக்கு வேண்டாம். கதவைத் திறந்தால் போதும்.

நான்காவது, ஆசிரியர். சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் பி.கே.சீனிவாசனைப் பற்றி இளம் ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கணித மேதை ராமானுஜனைப் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் திரட்டித் தொகுத்தவர். 1993இல் ராயபுரத்தில் உருவான ராமானுஜன் அருங்காட்சியகத்துக்குக் காரணமானவர். காகிதத்தை மடித்தும் கைக்குக் கிடைத்த பொருளை வைத்தும் சாதாரணப் பிள்ளைகளைக் கணிதத்துக்குள் அழைத்துவந்தவர். மேதையைக் கொண்டாடுவதையும் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் அவர் ஒரே வேலையாகச் செய்தார். அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் பொழுதை ‘எமிஸ்’ இணையதளப் பதிவேற்றமும் புள்ளிவிவரப் படிவங்களும் தின்கின்றன. ஒரு பிள்ளை போட்ட தவறான கணக்கின் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இது எப்படி வந்தது, சொல்லு’ என்று கேட்க ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை ஆசிரியருக்குத் திருப்பிக் கொடுப்பதைவிடப் பெரிய கணிதச் சீர்திருத்தம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் அந்தத் தண்டு

சென்ற வாரம் அந்தத் தண்டை ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்துப் போனேன். ஸ்கேல் வைத்து அளந்த பிள்ளைகள் எல்லாரும் 2.5 சென்டிமீட்டர் என்றார்கள். சரியாக இருக்கிற தண்டை ஏன் வேண்டாம் என்றார்கள் என்று கேட்டார்கள். ஒரு மைக்ரான் கதையைச் சொன்னேன். பின்வரிசையில், வழக்கமாக வாய் திறக்காத பையன் ஒருவன் எழுந்தான். “ஒரு மைக்ரான் கூட இருந்தா என்ன சார் ஆகும்? 25ன்னு யாரு முடிவு பண்ணாங்க?”

தண்டு நுழைய வேண்டிய துளையை வரைந்து காட்டினேன். துளைக்கும் ஓர் எல்லை உண்டு, 25.000 முதல் 25.021 வரை. அவன் சிறிது நேரம் யோசித்தான். “அப்போ முக்கால்வாசி துளையில இந்தத் தண்டு போயிடும். ரொம்பச் சின்னதா வந்த துளையில மட்டும்தான் மாட்டும். அது எத்தனை வரும்னு தெரிஞ்சா, இதைத் தூக்கிப் போடணுமா வேண்டாமான்னு சொல்லலாம்ல சார்?”

தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் புள்ளியியல் என்று ஒரு துறையே இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. காலாண்டுத் தேர்வில் அவன் வாங்கியது 29. மதிப்பெண் பட்டியலில் அவன் பெயருக்கு நேராக ‘மெல்லக் கற்போர்’ என்று எழுதியிருந்தேன். வகுப்பு முடிந்து வந்ததும் அதை அடித்துவிட்டேன். அவன் பத்தாம் வகுப்பு முடித்து எந்தப் பிரிவைக் கேட்டு வந்தாலும், அங்கே அவனுக்காக ஒரு கணக்கு வகுப்பு இருக்க வேண்டும். அதை என்னால் மட்டும் செய்துவிட முடியாது. அரசு செய்ய வேண்டும். பெற்றோரும் ஊரும் கேட்டு வாங்க வேண்டும்.